எட்டாவது பத்திரம் எந்தத் தலைப்பின் கீழே?

"இணையத்தளத்தில போட்டிருக்குத்தானே?"

மூன்று வாரங்களுக்கு முன்னர், யாழ்ப்பாண நகரத்தில் ஓர் அரச அலுவலக மேசைக்கு முன்னால் நின்றபோது என் காதில் விழுந்த வசனம் இது. சொன்னவர் ஓர் உத்தியோகத்தர். கேட்டுக்கொண்டு நின்றவர் கண் தெரியாத ஒரு பெண். பக்கத்தில் நின்றவன் நான்.

அன்றிலிருந்து அந்த வசனம் தொண்டையில் மீன்முள்ளாக நிற்கிறது. எழுதினாலாவது இறங்குகிறதா பார்ப்போம்.

வாராவாரம் நான் எழுதும் இந்த மூலையைத் திறந்தால் கொஞ்சமாவது சிரிக்கலாம் என்று நம்பி வருகிறவர்கள் மன்னிக்கவேண்டும். இந்த வாரம் எனக்கு அந்த மனநிலை இல்லை. கோபம் ஆறினபிறகு எழுதலாமே என்று வீட்டில் சொன்னார்கள். ஆறினபிறகு எழுதினால் மரியாதையாக எழுதிவிடுவேன். அதற்குப் பயந்துதான் இப்போதே எழுதுகிறேன்.

அந்தப் பெண்ணின் பெயர் தயாநிதி. எழுவைதீவு. வயது முப்பத்திரண்டு. வரலாறு படித்த பட்டதாரி. தீவுப் பிள்ளைகளுக்குப் பின்னேரங்களில் வரலாறு சொல்லிக்கொடுக்கிறார். பிறவியிலேயே பார்வை இல்லை.

அவர் எனக்கு அறிமுகமானது ஒரு சண்டையில். நாலு வருடங்களுக்கு முன்னர் ஒருநாள் போன் எடுத்து, தான் இந்தப் பத்தியைக் கிழமைதோறும் போனில் கேட்கிறவர் என்றார். எனக்கு உச்சி குளிர்ந்தது. அடுத்த வசனத்திலேயே சூடேற்றினார்.

"அண்ணை, ஒண்டு சொன்னாக் கோவிக்கக் கூடாது. உங்கட தலைப்பைக் கேட்டு உள்ளுக்கு என்ன இருக்கெண்டு கண்டுபிடிக்க ஏலாது."

அந்தக் கிழமை நான் போட்டிருந்த தலைப்பு 'காற்றும் காலமும்'. உள்ளே இருந்தது, தெருநாய் கடித்து நான் ஊசி போடப் போன கதை.

எனக்கு ஆத்திரம் வந்தது. இருபத்தைந்து வருடம் பத்திரிகையில் செய்திகளுக்குத் தலைப்புப் போட்ட ஆள் நான். என்னிடம் போய்... பிறகு யோசித்துப் பார்த்தேன். காற்றுக்கும் நாய்க்கும் என்ன சம்பந்தம்? அவர் சொன்னது சரி. அன்றைக்குப் பிறகு நாய் என்றால் தலைப்பில் நாய் என்றே போடுகிறேன்.

அப்படித் தொடங்கிய பழக்கம். ஊர்காவற்றுறைக்குப் படகில் வந்தால் போன் எடுப்பார். நான் இருப்பது புளியங்கூடல். பக்கம்தானே. சில நாட்களில் போய்க் கதைத்துவிட்டு வருவேன்.

மூன்று வாரங்களுக்கு முன்னர் எடுத்தபோது குரலில் ஒரு துள்ளல் இருந்தது. பட்டதாரி ஆசிரியர் நியமனத்துக்கு விண்ணப்பித்திருந்தார். மாற்றுவலுவுள்ளோருக்கான ஒதுக்கீட்டில் நேர்முகப் பரீட்சைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். தனியாகப் போய்வரக் கூடிய ஆள்தான். ஆனால் அந்த அலுவலகம் புதுக் கட்டடத்துக்கு மாறிவிட்டது, வாசலில் குழி தோண்டிப் போட்டிருக்கிறார்கள் என்று யாரோ சொன்னார்களாம். அன்று ஒருநாள் மட்டும் கூட வர ஏலுமா என்று கேட்டார்.

போனேன்.

காலைப் படகு ஊர்காவற்றுறை இறங்குதுறைக்கு வந்தபோது, வெள்ளைச் சேலையின் கரை நனையாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு இறங்கினார். கையில் தடி. தோளில் பை. பைக்குள் ஒரு கோவை. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் அந்தக் கோவையை எடுத்து என்னிடம் தந்து, ஒருதடவை சரிபார்க்கச் சொன்னார்.

ஏழு பிளாஸ்ரிக் உறைகள். ஒவ்வொன்றிலும் ஒரு பத்திரம். அடையாள அட்டைப் பிரதி, பிறப்புச் சான்றிதழ், பட்டச் சான்றிதழ், பெறுபேற்று விபரம், கிராம அலுவலர் சான்றிதழ், நற்சான்றிதழ், விண்ணப்பத்தின் பிரதி. எல்லாம் ஒழுங்கு. நான் கவனித்தது வேறொன்றை. ஒவ்வோர் உறையின் மூலையிலும் ஊசியால் குத்திய துளைகள். முதலாவதில் ஒன்று, இரண்டாவதில் இரண்டு... ஏழாவதில் ஏழு.

இது என்ன என்று கேட்டேன். விரலால் தடவினால் எது எந்தப் பத்திரம் என்று தெரியுமாம். ஆள் கேட்கும்போது தடுமாறாமல் எடுத்துக் கொடுக்கலாமாம்.

அதாவது அவர் ஏழு பத்திரத்துக்கும் தலைப்புப் போட்டிருந்தார். அரசாங்கத்தின் வசதிக்காக.

பட்டியலை எங்கே எடுத்தீர் என்று கேட்டேன். திணைக்களத்தின் இணையத்தளத்தில் என்றார். அதைச் சொல்லும்போது ஒரு பெருமூச்சு. என்ன விஷயம் என்று துருவினேன். போனை எடுத்தார். காதுக்குழாய் ஒன்றைத் தான் வைத்துக்கொண்டு மற்றதை என்னிடம் நீட்டினார்.

வாசகர்களே, இந்த இடத்தில் கொஞ்சம் பொறுமை வேண்டும். எனக்கும் அன்றுதான் விளங்கியது.

கண் தெரியாதவர்களின் போன் திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும். அது உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஆனால் ஒரு நீளப் பக்கத்தை அவர்கள் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் கேட்டுக்கொண்டிருப்பதில்லை. நாம் மட்டும் என்ன, எழுத்துக்கு எழுத்தா வாசிக்கிறோம்? கண்ணை ஓடவிட்டுத் தலைப்புகளைப் பார்க்கிறோம். வேண்டிய இடத்தில் நிறுத்துகிறோம். அவர்களும் அப்படித்தான். விரலை ஒருமுறை தட்டினால் போன் அடுத்த தலைப்புக்குத் தாவும். 'தலைப்பு: தகைமைகள்.' இன்னொரு தட்டு. 'தலைப்பு: விண்ணப்பிக்கும் முறை.' இன்னொரு தட்டு. வேண்டியது வந்ததும் நின்று கேட்கலாம்.

ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை. பக்கத்தைச் செய்தவர், தலைப்பை 'இது தலைப்பு' என்று கணினிக்குச் சொல்லியிருக்கவேண்டும். அதற்கு ஒரு பொத்தான் இருக்கிறது. அதை அழுத்தாமல் எழுத்தைப் பெரிதாக்கி, கறுப்பாக்கி, நடுவில் வைத்துவிட்டால்... நம் கண்ணுக்கு அது தலைப்பு. தயாநிதியின் போனுக்கு அது இன்னொரு வரி. அவ்வளவுதான்.

அவர் அந்தத் திணைக்களத்தின் பக்கத்தைத் திறந்து விரலைத் தட்டினார். காதுக்குழாயில் கேட்டது.

'தலைப்பு: பணிப்பாளரின் செய்தி.'

இன்னொரு தட்டு. 'தலைப்பு: எமது தூரநோக்கு.'

இன்னொரு தட்டு. 'தலைப்பு: எமது பணிக்கூற்று.'

இன்னொரு தட்டு. போன் ஒரு சின்னச் சத்தம் போட்டு நின்றுவிட்டது. இனித் தலைப்பு இல்லை என்று அர்த்தமாம்.

அவ்வளவு பெரிய அறிவித்தலில் தலைப்பென்று சொல்லத்தக்கது மூன்றே மூன்று. மூன்றும் திணைக்களம் தன்னைப்பற்றித் தானே சொல்வது. நேர்முகப் பரீட்சைக்கு வருகிறவர் என்ன கொண்டுவர வேண்டும் என்பதற்கு ஒரு தலைப்பில்லை.

பிறகு எப்படிக் கண்டுபிடித்தீர் என்று கேட்டேன். தொடக்கத்திலிருந்து இருந்து கேட்டாராம். பத்தி பத்தியாக. சட்டப் பிரிவுகள், உபபிரிவுகள், திருத்தச் சட்டங்கள் எல்லாம் கேட்டு, கடைசியில் பத்திரங்களின் பட்டியல் வந்ததும் நிறுத்தி நிறுத்தி மனப்பாடம் பண்ணினாராம். சந்தேகத்தில் இரண்டு நாள் கழித்து இன்னொருமுறை முழுதும் கேட்டாராம். பட்டியலுக்குப் பிறகு முகவரியும் தொலைபேசி இலக்கங்களும் தொலைநகல் இலக்கமும் வந்தன. அத்தோடு முடிந்தது என்று வைத்துவிட்டார்.

நீங்கள் என்றால் என்ன செய்திருப்பீர்கள்? தொலைநகல் இலக்கத்துக்குப் பிறகும் ஓர் அறிவித்தல் தொடரும் என்று எந்த மனிதராவது நினைப்பாரா?

பஸ் பண்ணைப் பாலத்தில் ஏறியது. அவர் காதுக்குழாயைச் சுருட்டி வைத்துவிட்டு, ஒல்லாந்தர் காலத்துக் கடல் வரிகளைப்பற்றி ஏதோ சொல்லத் தொடங்கினார். நேர்முகத்தில் கேட்டால் சொல்வதற்காம். நல்ல உற்சாகத்தில் இருந்தார்.

அலுவலகத்தில் குழி இருந்தது உண்மை. மேலே ஒரு பலகை போட்டிருந்தார்கள். தாண்டிப் போய் விறாந்தையில் வரிசையாகப் போட்டிருந்த கதிரைகளில் இருந்தோம். நீளமான வரிசை. அவர் முறை வரும்போது பதினொரு மணி ஆகிவிட்டது.

உள்ளே போவதற்கு முன்னர் பத்திரங்களைச் சரிபார்க்க ஒரு மேசை. அதில் ஒரு நடுத்தர வயது உத்தியோகத்தர். தயாநிதி ஒவ்வோர் உறையாகத் தடவித் தடவி எடுத்துக் கொடுத்தார். ஒருதடவைகூடப் பிழைக்கவில்லை. உத்தியோகத்தர் ஏழு பத்திரத்தையும் பார்த்து, ஏழுக்கும் அடையாளம் போட்டு, எட்டாவதுக்காகக் கையை நீட்டினார்.

வைத்தியச் சான்றிதழ். மாற்றுவலுவுள்ளோர் ஒதுக்கீட்டில் வருகிறவர்கள், இன்ன படிவத்தில், அரச வைத்தியர் ஒருவரிடம் எடுத்துக்கொண்டு வரவேண்டுமாம். அது இல்லாவிட்டால் உள்ளே விட முடியாதாம்.

தயாநிதியின் முகம் எப்படி மாறியது என்று எழுத எனக்கு விருப்பமில்லை. அவர் மெதுவாக, பட்டியலில் அது இருக்கவில்லையே என்றார்.

அதற்குத்தான் அந்த வசனம் வந்தது. "இணையத்தளத்தில போட்டிருக்குத்தானே?"

சொல்லிவிட்டு ஏழு பத்திரங்களையும் அடுக்கித் திருப்பித் தந்தார். அடுத்த ஆளைப் பார்த்தார்.

எனக்குக் குரல் உயர்ந்துவிட்டது. எங்கே போட்டிருக்கிறீர்கள், யார் பார்க்கப் போட்டிருக்கிறீர்கள், எழுவைதீவிலிருந்து வந்த பிள்ளை இனி எப்போது திரும்பி வருவது... இப்படி என்னென்னவோ. விறாந்தை முழுதும் திரும்பிப் பார்த்தது. அவர் பதிலுக்கு, ஐயா சத்தம் போடக்கூடாது, இது அலுவலகம் என்றார். அந்த வசனத்தை அவர்கள் எங்கேதான் பாடமாக்குகிறார்களோ.

தயாநிதி என் முழங்கையைப் பிடித்தார்.

"அண்ணை, நீங்கள் கதைக்க வேண்டாம். நான் கேட்கிறன்."

பிறகு மேசைப் பக்கம் திரும்பினார். குரலில் கோபம் இல்லை. பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிற குரல்.

"சேர், நான் ரெண்டு தரம் முழுசாக் கேட்டனான். எனக்கு ஏழுதான் வந்தது. எட்டாவது எந்த இடத்தில இருக்கெண்டு ஒருக்கா எடுத்துக் காட்டுங்கோ. என்ர பிழையெண்டா நான் போறன்."

நியாயமான கேள்விதானே. உத்தியோகத்தரும் நியாயமாகத்தான் கணினியைத் தன் பக்கம் திருப்பினார். சுட்டியை உருட்டினார். மேலே போனார். கீழே வந்தார். மறுபடி மேலே போனார்.

"இஞ்சதான் கிடந்தது..."

நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். நாலு நிமிடம். ஏழு நிமிடம். பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டார். அவரும் குனிந்து பார்த்தார். இருவருக்கும் கண் நன்றாகத் தெரியும். ஒருவர் கண்ணாடிகூடப் போடவில்லை. பதினொரு நிமிடம் ஆனது. கிடைக்கவில்லை.

விறாந்தையில் இருந்தவர்கள் தங்கள் தங்கள் போன்களை எடுத்துத் தேடத் தொடங்கினார்கள். அவர்களுக்கும் கிடைக்கவில்லை. உத்தியோகத்தரின் நெற்றியில் வியர்வை. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நேரத்தில் அவர்மேல் எனக்குக் கொஞ்சம் இரக்கம்கூட வந்தது. தான் ஒருபோதும் தேடிப் பார்த்திராத ஒன்றைக் காட்டி ஆட்களைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்த மனிதர்.

சத்தம் கேட்டு உள்ளேயிருந்து ஒரு பெண் வந்தார். உதவிப் பணிப்பாளர். என்ன நடக்கிறது என்று விசாரித்தார். தானே கதிரையில் உட்கார்ந்து தேடினார். ஒரு நிமிடம் தேடிவிட்டு, ஆங்கிலப் பக்கத்தைத் திறந்தார்.

அங்கே இருந்தது. திறந்ததும் தெரிந்தது. 'மாற்றுவலுவுள்ள விண்ணப்பதாரிகள் கவனிக்க' என்று ஆங்கிலத்தில் தனித் தலைப்பு. பத்திரப் பட்டியலுக்கு நேர் கீழே. கூடவே படிவம்.

பிறகு தமிழ்ப் பக்கத்துக்கு வந்தார். பட்டியலைத் தாண்டி, முகவரியைத் தாண்டி, தொலைநகலைத் தாண்டி, புதுக் கட்டடத் திறப்புவிழாப் படங்கள் ஆறையும் தாண்டி, அடியில் 'ஏனையவை' என்று கறுப்பாக ஒரு சொல். அதற்குக் கீழே நாலாவது பத்தியில், மூன்றாவது வரியில் இருந்தது எட்டாவது பத்திரம்.

ஏனையவை.

ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு வரும் வழியில் அந்தத் தலைப்பு எங்கே விழுந்தது? மொழிபெயர்த்தவருக்கு அது நீளமாகப் பட்டதா? பக்கத்தை அடுக்கியவருக்கு இடம் போதவில்லையா? படங்கள் ஆறுக்கு இடம் இருந்ததே... தளத்தைத் தாங்கள் செய்வதில்லை, கொழும்பில்தான் செய்கிறார்கள் என்றார் உத்தியோகத்தர். கொழும்பில் கேட்டால் தமிழை யாழ்ப்பாணத்தில்தான் பார்த்தார்கள் என்பார்கள். எனக்குத் தெரியாதா?

உதவிப் பணிப்பாளர் கதிரையிலிருந்து எழுந்தார். பிறகு தயாநிதியிடம், நேர்முகத்துக்கு உள்ளே போகலாம், சான்றிதழை ஏழு நாளுக்குள் கொண்டுவந்து தந்தால் போதும், அதைத் தான் எழுத்தில் தருவதாகச் சொன்னார்.

எனக்கு அப்பாடா என்று இருந்தது. தயாநிதி அசையவில்லை.

"மேடம், எனக்கு முதல் இதுக்காக ஆரையும் திருப்பி அனுப்பினீங்களோ?"

மேசையில் இருந்தவர் கீழே பார்த்தார். இரண்டு பேர் என்றார். காலையில் முதல் ஆட்களாக வந்தவர்கள். ஒருவர் வலிகாமப் பக்கத்துப் பெண், ஒரு கை இயங்காது. மற்றவர் நெடுந்தீவு. செயற்கைக் கால்.

"அவையின்ர நம்பர் விண்ணப்பத்தில இருக்கும். அவையையும் கூப்பிடுங்கோ. அதுக்குப் பிறகு நான் உள்ளுக்குப் போறன்."

வாசகர்களே, நான் ஓர் எழுத்துக்காரன். அநியாயம், அநியாயம் என்று வாராவாரம் கத்துகிறவன். அந்த இரண்டு பேரைப்பற்றி எனக்கு அந்த நேரம் எண்ணம் வரவில்லை. என்னோடு வந்த ஆளுக்கு வேலை முடிந்ததும் என் கோபமும் முடிந்துவிட்டது. அவருக்கு முடியவில்லை.

உதவிப் பணிப்பாளர் தானே போன் எடுத்தார். வலிகாமப் பெண் நகரத்தில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் அழுதுகொண்டு இருந்திருக்கிறார். ஓட்டோவில் அரை மணித்தியாலத்தில் வந்துவிட்டார். கண்கள் சிவந்திருந்தன. தயாநிதியின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

நெடுந்தீவுக்காரரின் போனுக்கு அழைப்புப் போகவில்லை. மூன்று தடவை, நாலு தடவை எடுத்துப் பார்த்தார்கள். அவர் பஸ் பிடித்துக் குறிகட்டுவான் இறங்குதுறைக்குப் போய், பகல் படகில் ஏறியிருப்பார். நடுக்கடலில் போன் வேலை செய்யாது. தீவில் இருக்கிறவர்களுக்கு அதை விளக்கவேண்டியதில்லை.

தயாநிதி உள்ளே போனார். இருபது நிமிடம். வெளியே வந்து, ஒல்லாந்தர் கடல் வரியை ஒருவரும் கேட்கவில்லை என்றார். கொஞ்சம் ஏமாற்றத்தோடு.

நாலாம் நாள் சான்றிதழ் எடுத்துக் கொடுத்துவிட்டார். அதற்காக ஒரு படகு, இரண்டு பஸ், வைத்தியசாலையில் அரை நாள். முன்பே தெரிந்திருந்தால் அதே படகும் அதே பஸ்ஸும்தான். ஆனால் அந்த மேசைக்கு முன்னால், அத்தனை பேர் பார்க்க, பிச்சை கேட்கிறவர் மாதிரி நிற்க வேண்டி வந்திருக்காது. அந்தப் பதினொரு நிமிடத்துக்கு யார் சான்றிதழ் தருவது?

அந்தக் கிழமை முழுதும் எனக்கு வேறு வேலை ஓடவில்லை. அரச தளங்களாகத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். நான் கண்டதைச் சொன்னால் சிரிப்பீர்கள். ஒரு தளத்தில் 'அறிவித்தல்', அதற்குக் கீழே 'முக்கிய அறிவித்தல்', அதற்குக் கீழே 'மிக முக்கிய அறிவித்தல்'. மூன்றையும் திறந்து பார்த்தால்தான் எது எதைப்பற்றி என்று தெரியும். இன்னொன்றில் முகப்புப் பக்கத்துக்குப் போகிற பொத்தானில் 'வீடு' என்று போட்டிருந்தது. படகுப் புறப்பாட்டு நேரத்தைத் தேடினால் அது 'பதிவிறக்கங்கள்' என்பதற்குள் கிடந்தது. படகுக்குப் போகிற மனிதர் பதிவிறக்கத்தை ஏன் தேடுவார்?

பத்திரிகையில் நாங்கள் அப்படிப் போட்டிருந்தால் ஆசிரியர் தாளைக் கசக்கி எறிந்திருப்பார். 'செய்தி' என்று ஒரு தலைப்பு. 'மிக முக்கிய செய்தி' என்று இன்னொன்று. யார் காசு கொடுத்து வாங்குவார்கள்? அரசாங்கத்துக்கு அந்தப் பயம் இல்லை. அதன் வாசகர்கள் வேறு கடைக்குப் போக முடியாது. அதனால்தான் எனக்கு இவ்வளவு கோபம். வேறு வழியில்லாதவர்களுக்காக எழுதுகிறவர்கள்தானே கூடுதல் கவனமாக எழுதவேண்டும்? இங்கே தலைகீழ்.

ஆனால் ஒன்று சொல்லத்தான் வேண்டும். அந்த உதவிப் பணிப்பாளர் மறக்கவில்லை. அடுத்த கிழமை தயாநிதிக்குப் போன் எடுத்து, பக்கத்தை என்ன மாதிரித் திருத்தவேண்டும் என்று கேட்டிருக்கிறார். அரை மணித்தியாலம் கதைத்தார்களாம். எழுத்தைப் பெரிதாக்கினால் போதாது, தலைப்பைத் தலைப்பாகவே போடவேண்டும் என்பதைத் தயாநிதி விளங்கப்படுத்தியிருக்கிறார். வருகிறவர் மனதில் என்ன கேள்வியோடு வருகிறாரோ அதையே தலைப்பாகப் போடுங்கோ என்றிருக்கிறார். ஒரே தலைப்பின் கீழ் ஒரே விஷயத்தை வையுங்கோ, பணிப்பாளரின் செய்தியைக் கடைசிக்குக் கொண்டுபோங்கோ என்றும் சொல்லியிருக்கிறார்.

'ஏனையவை' என்பதை வைத்துக்கொள்ளலாமா, சில்லறை விஷயங்களுக்கு வேண்டியிருக்குமே என்று அவர் கேட்டதற்குத் தயாநிதி சொன்ன பதிலை நான் அப்படியே எழுதிவைத்திருக்கிறேன்.

"மேடம், ஏனையவை எண்டு ஒருத்தரும் தேடிக்கொண்டு வாறேல்லை."

போன வெள்ளிக்கிழமை அந்தப் பக்கம் திருந்திவிட்டது. தயாநிதி போன் எடுத்துச் சொன்னதும் நானும் திறந்து, கண்ணை மூடிக்கொண்டு, போனைப் பேசவிட்டுக் கேட்டேன். 'தலைப்பு: யார் விண்ணப்பிக்கலாம்?' 'தலைப்பு: நேர்முகப் பரீட்சைக்கு என்ன கொண்டுவர வேண்டும்?' 'தலைப்பு: மாற்றுவலுவுள்ள விண்ணப்பதாரிகள் மேலதிகமாகக் கொண்டுவர வேண்டியது.' தட்டத் தட்ட வந்தன. எட்டாவது பத்திரத்துக்கு வந்துசேர எனக்குப் பத்து வினாடி எடுத்தது.

பத்து வினாடி. இவ்வளவுதான் விஷயம். இதைச் செய்ய வெளிநாட்டிலிருந்து நிபுணர் வரவில்லை. புதுக் கணினி வாங்கவில்லை. ஓர் ஆள் ஒரு முற்பகல் உட்கார்ந்திருக்கிறார்.

இதைச் சொன்னபோது ஒரு நண்பர், எல்லாம் நல்லபடியாக முடிந்ததுதானே, இனி ஏன் எழுதிக் கிளறுகிறீர் என்று கேட்டார்.

நல்லபடியாக முடிந்ததா? தயாநிதியின் முடிவு இன்னும் வரவில்லை. அது கிடக்கட்டும். ஒரு தயாநிதி வாயைத் திறந்து கேட்டதால் ஒரு பக்கம் திருந்தியது. கேட்காமல் திரும்பிப் போனவர்கள் எத்தனை பேர்? அவர்கள் எந்தக் கணக்கிலும் வரமாட்டார்கள். தகுதி இல்லை, பத்திரம் போதாது என்று ஒரு வரியில் முடிந்திருக்கும்.

நெடுந்தீவுக்காரருக்குத் திணைக்களம் ஒரு கடிதம் அனுப்பியிருக்கிறது. மேன்முறையீடு ஒன்று எழுதித் தந்தால் மறுபடி கூப்பிடுவதுபற்றி மேலிடத்துக்குச் சிபாரிசு செய்யலாம் என்று. ஒரு கிழமையாகியும் அவரிடமிருந்து பதில் இல்லை. உதவிப் பணிப்பாளர் போனில் கேட்டபோதும் அவர் பிடிகொடுக்கவில்லையாம். அதனால் அவரிடமே அனுமதி கேட்டு, இலக்கத்தைத் தயாநிதிக்குக் கொடுத்தார். நீங்கள் கதைத்தால் கேட்பார் என்று.

தயாநிதி கதைத்தார். முந்தாநாள். கதைத்து முடித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். நாலு வருடத்தில் முதல்முறையாக அவர் குரலில் கோபத்தைக் கேட்டேன்.

அந்த மனிதர் மிகவும் மரியாதையாகக் கதைத்தாராம். கடிதம் கிடைத்தது என்றாராம். மேன்முறையீடு எழுதுகிற எண்ணம் இல்லையாம். ஏன் என்று கேட்டதற்கு அவர் சொன்னது இது.

"விடுங்கோ தங்கச்சி. அவை எல்லாம் வடிவாப் போட்டுத்தான் இருப்பினம். எனக்குத்தான் வாசிச்சு விளங்கேல்லை. என்ர பிழை."

யாரோ ஒருவர், எங்கேயோ ஓர் அலுவலகத்தில், ஒரு தலைப்பைத் தூக்கி அடியில் போட்டார். அதற்கு நெடுந்தீவில் ஒரு மனிதர் தன்னைத்தானே முட்டாள் என்று நினைத்துக்கொண்டு இருக்கிறார். இதைவிடப் பெரிய அநியாயத்தை இந்த வாரம் நான் கேள்விப்படவில்லை. வரிசையில் நின்றவர் கத்திச் சண்டை பிடித்தால்கூடத் தேவலை. தன் மேலேயே பழியைப் போட்டுக்கொண்டு பேசாமல் படகில் ஏறிவிடுகிறார்களே... அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

தயாநிதி விடுவதாக இல்லை. வருகிற கிழமை நெடுந்தீவுக்குப் போகப்போகிறார். மேன்முறையீட்டை அவர் பக்கத்தில் இருந்து எழுதுவித்துவிட்டுத்தான் வருவாராம். நானும் போகிறேன். இந்தமுறை கூப்பிடாமலே.

ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். வாசித்து விளங்கவில்லை என்று சொன்ன அந்த மனிதர் விண்ணப்பித்திருந்தது, தமிழ் ஆசிரியர் வேலைக்கு.